மாடிக் கடைக்கு வரும் போன்களும் கேம் பொட்டிகளும்

ரிப்பேர் கடைக்கு வருகிறவர்கள் யாரும் பொருளில் என்ன கோளாறு என்று முதலில் சொல்வதில்லை. வீட்டில் என்ன கோளாறு என்றுதான் ஆரம்பிப்பார்கள். "ஆன் ஆகலீங்க" என்ற இடத்துக்கு வந்து சேர்வதற்குள் சம்பந்தி வீட்டு விசேஷம், மருமகனின் கோபம், வைஃபையை ஓசியில் இழுக்கும் எதிர்வீட்டுக்காரர் என்று எல்லாரும் வந்து போய்விடுவார்கள்.

காந்திபுரத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் துணிக்கடைகள் நெருக்கும் ஒரு சந்தில், முதல் மாடியில் எங்கள் கடை. கம்ப்யூட்டர், செல்போன், வீடியோ கேம் பொட்டி மூன்றும் பார்ப்போம். நானும் யூசுப் அண்ணனும் கூட்டு. அவர் கோட்டைமேட்டுக்காரர். சால்டரிங் கம்பியைக் கையில் எடுத்துவிட்டால் பேச்சே இருக்காது. சாஃப்ட்வேர், இன்டர்நெட், வருகிறவர்களோடு பேசுவது எல்லாம் என் பாடு. நேற்று வரை இருந்த பொத்தான் இன்று காலையில் அப்டேட் ஆகிக் காணாமல் போய், போனை வைத்துக்கொண்டு முழித்திருக்கிறீர்கள் அல்லவா? நானும் உங்கள் கட்சிதான். கடை வைத்திருப்பதால் நான் முழிப்பது வெளியே தெரிவதில்லை, அவ்வளவே.

டிஸ்க் எங்கீங்க?

சூலூரில் தறி ஓட்டும் ஒருவர் மகளுக்காகப் புது கேம் பொட்டி வாங்க வந்தார். கால்பந்து கேமும் சேர்த்து வேண்டும் என்றார். நான் அவர் பெயரில் ஒரு கணக்கு தொடங்கி, கேமை டவுன்லோடுக்குப் போட்டுக் காட்டினேன். அவர் பொட்டியை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். டிஸ்க் போடுகிற சந்து எங்கே என்று கேட்டார். இந்த மாடலில் சந்து கிடையாது, எல்லாம் இன்டர்நெட்டில் இருந்துதான் வரும் என்றேன். மகள் விளையாடி முடித்ததும் தங்கச்சி மகனுக்குக் கொடுக்கலாமா? முடியாது, கேம் அந்தக் கணக்கோடு ஒட்டியது. பாதி விலைக்கு விற்கலாமா? முடியாது. கம்பெனிக்காரன் கடையை மூடிவிட்டால்? அதற்கு நான் கொஞ்சம் இழுத்து, "அப்போ பாத்துக்கலாங்க" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. தறியில் அறுந்த இழையைத் தேடுகிறவர் மாதிரி ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் பொட்டியை வாங்கித்தான் போனார், மகள் ஆசைப்பட்டுவிட்டாள். படி இறங்கும்போது திரும்பிச் சொன்னார்: "வாங்கிப்போட்டோம்னு சொல்லாதீங்கம்மிணி. அவன் ஊட்டுல நாம குடி இருக்கறோம்னு சொல்லுங்க."

டவுன் பஸ் டிரைவரின் ஐரோப்பா

காக்கிச் சட்டையோடு ஒருவர் வந்து, விளையாட்டுக்கு வைத்துக்கொள்ளும் ஸ்டீயரிங் ஒன்றை மேசையில் வைத்தார். இடது பக்கம் திருப்பினால் ஒட்டிக்கொள்கிறது என்றார். பிள்ளைகளுடையதா என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கி, தன்னுடையது என்றார். அவர் டவுன் பஸ் டிரைவர். காலையில் இருந்து உக்கடத்துக்கும் காந்திபுரத்துக்கும் நடுவில் பஸ் ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போய், குளித்து, காப்பி குடித்து, கம்ப்யூட்டரில் மறுபடியும் பஸ் ஓட்டுகிறார். ஏதோ ஒரு ஐரோப்பிய நாட்டின் மலைப்பாதை. அவர் மனைவிக்கு இது புரியவே இல்லையாம். ஊரில் இருக்கிற ஆம்பளைகள் வேலையை மறக்க விளையாடுகிறார்கள், இவர் வேலையையே விளையாடுகிறார் என்று ஒறம்பரை, சொந்தபந்தம் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டாராம்.

யூசுப் அண்ணன் ஸ்டீயரிங்கைப் பிரித்து உள்ளே இருந்த தூசியைத் தட்டி, தேய்ந்துபோன பல்சக்கரத்தை மாற்றினார். சோதித்துப் பார்க்க எங்கள் கம்ப்யூட்டரிலேயே அவரை ஓட்டச் சொன்னோம். முதுகை நேராக வைத்து, கண்ணாடியைப் பார்த்து, கையசைவில் கூட ஒரு அவசரம் இல்லாமல் ஓட்டினார். யூசுப் அண்ணன் வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தார். அப்படி என்னதான் இருக்கிறது இதில் என்று நான் கேட்டேன். ரோட்டில் இருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "இங்க யாரும் படியில தொங்கறதில்லீங்க. பின்னாடி இருந்து யாரும் விசில் அடிக்கறதில்லீங்க. நிறுத்தம் வந்தா நிறுத்தறேன், அவங்களும் வரிசையா எறங்கிப் போறாங்க."

சுவிட்சு யார் வீட்டில்?

ஈஸ்வரி அக்கா கிணத்துக்கடவில் இருந்து வந்தார். கையில் ஒரு சாம்பல் நிறப் பொட்டி. தென்னந்தோப்பில் போர் மோட்டாரோடு இருந்ததாம். உள்ளே ஒரு சிம் கார்டு. வீட்டில் உட்கார்ந்து போனில் அமுக்கினால் தோட்டத்தில் மோட்டார் ஓடும். தன் கணவர் காலமான பிறகு, ராத்திரியில் பாம்புக்குப் பயந்து தோட்டத்துக்குப் போக வேண்டாம் என்று இதை வாங்கிப் போட்டிருக்கிறார். நன்றாகத்தான் ஓடியது. அந்த வாரம் திடீரென்று நின்றுவிட்டது. போனில் சுற்றிச் சுற்றி ஒரு வட்டம் மட்டும் ஓடியது. பொட்டியின் மேல் பச்சைப் பொத்தான் இருந்தது; அதை அமுக்கினாலும் ஒன்றும் நடக்கவில்லை. உள்ளூர் எலக்ட்ரீஷியன் தொட மறுத்துவிட்டார். இது கம்ப்யூட்டர் பொட்டி, கை வைத்தால் வாரன்டி போய்விடும் என்றாராம்.

நான் பொட்டியில் போட்டிருந்த நம்பருக்கு அடித்தேன், உபயோகத்தில் இல்லை. இணையத்தில் தேடினால் அந்தச் சின்னக் கம்பெனியின் பக்கமே இல்லை. மெல்ல மெல்ல விஷயம் தெரிந்தது. போனில் அமுக்கினாலும் சரி, பொத்தானை அமுக்கினாலும் சரி, பொட்டி முதலில் கம்பெனியின் சர்வரைக் கேட்கும். சர்வர் சரி என்றால்தான் மோட்டாருக்குக் கரன்ட். கம்பெனி மூடிவிட்டது, சரி என்று சொல்ல ஆள் இல்லை. இதை நான் விளக்கும்போது ஈஸ்வரி அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வாடல் நோய் வந்து பழைய மரங்களை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் புதிதாகக் கன்று வைத்திருப்பதாகச் சொன்னார். பங்குனி வெயில். கன்றுகளுக்குத் தண்ணீர் நின்று சில நாள் ஆகிவிட்டது. பக்கத்துத் தோட்டத்தில் கேட்டு, குடத்தில் எடுத்து ஊற்றிக்கொண்டிருக்கிறார். அதைச் சொல்லும்போதுதான் அவர் உள்ளங்கைகளைப் பார்த்தேன். கொப்புளம் உடைந்து மஞ்சள் பூசியிருந்தது.

யூசுப் அண்ணன் சால்டரிங் கம்பியை அணைத்துவிட்டு, "இங்க வெச்சு ஒண்ணும் ஆகாது, வாங்க" என்றார். கடையைப் பூட்டிக்கொண்டு அவரோடு பஸ் ஏறினோம். வழியில் இறங்கி ஒரு சாதாரண ஸ்டார்ட்டர் வாங்கினோம். கைப்பிடி போட்ட, யாரையும் கேட்காத ஸ்டார்ட்டர். தோப்பில் அந்த எலக்ட்ரீஷியனையும் வரச் சொன்னோம். கம்ப்யூட்டர் பொட்டியை ஓரம் கட்டிவிட்டோம் என்று தெரிந்ததும் அவர் முகம் தெளிந்து, பாதி வேலையை அவரே செய்தார். சாயங்காலம் மோட்டார் ஓடியது. சொட்டுநீர்க் குழாயின் ஒவ்வொரு துளையிலும் தண்ணீர் வருகிறதா என்று ஈஸ்வரி அக்கா குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே போனார். கடைசிக் கன்று வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்பி வந்தார். எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு, சாம்பல் பொட்டியைக் காலால் நகர்த்திச் சொன்னார்: "மோட்டாரு என்ர காட்டுல இருக்குது, தண்ணி என்ர போர்ல இருக்குது. சுவிட்சு மட்டும் யாரோ பேரு தெரியாதவன் ஊட்டுல இருந்திருக்குதுங்க கண்ணு."

லாட்ஜில் குளம்

எங்கள் கடைக்கு எதிரே ஒரு லாட்ஜ். அதன் மேனேஜர் பழனிசாமி தினமும் பேப்பரோடு எங்கள் கடைக்கு வந்து, டெக்னாலஜிச் செய்திகளுக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் டூட்டிக்குப் போவார். செயற்கை நுண்ணறிவு எல்லா வேலையையும் எடுத்துக்கொள்ளும் என்று செய்தி வந்த அன்று, "எடுத்துட்டுப் போவட்டும். ரூம் நம்பர் மறந்துட்டு குடிச்சுப்போட்டு வர்றவனைக் கண்டுபுடிச்சுக் கொண்டுபோய் விடற வேலையும் சேத்து எடுக்கட்டும்" என்றார். அவர் முதலாளிக்கு அந்தச் செய்தி பிடித்துப்போயிற்று. எங்கோ ஒரு கம்பெனியைப் பிடித்து, லாட்ஜின் இணையதளத்தில் தானாகப் பதில் சொல்லும் அரட்டைப் பெட்டி ஒன்றை வைத்துவிட்டார்.

சில வாரம் கழித்து ஒரு குடும்பம் ஆட்டோவில் வந்து இறங்கியது. இரண்டு பிள்ளைகளும் நீச்சல் உடைக்கு மேல் டவலைப் போர்த்தியிருந்தன. குளம் எந்த மாடியில் என்று அப்பா கேட்டார். பழனிசாமிக்குப் புரியவில்லை. அப்பா தன் போனை நீட்டினார். அரட்டைப் பெட்டியில் அவர் குளம் உண்டா என்று கேட்டிருக்கிறார். உண்டு, குழந்தைகளுக்கு ஆழம் குறைந்த பகுதியும் உண்டு என்று பதில் வந்திருக்கிறது. அந்த லாட்ஜில் தண்ணீர்த் தொட்டியில் தண்ணீர் இருப்பதே விசேஷம். சின்னப் பிள்ளை அழ ஆரம்பித்துவிட்டது. இதைச் சொன்னது யார் என்று அப்பா கேட்டார், நியாயமான கேள்வி. பழனிசாமி முதலாளியைக் கூப்பிட்டார். முதலாளி கம்பெனியைக் கூப்பிட்டார். கம்பெனிக்காரர்கள், பதில்களில் பிழை இருக்கலாம் என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருக்கிறோமே என்றார்கள். கடைசியில் பழனிசாமியே அந்தக் குடும்பத்தை நீச்சல் குளம் இருக்கிற வேறொரு ஓட்டலுக்குக் கூட்டிப்போய், அங்கே தனக்குத் தெரிந்த மேனேஜரிடம் சொல்லி அறை வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார்.

மறுநாள் பேப்பரைப் பிரிக்காமலே உட்கார்ந்திருந்தார். நான் டீ நீட்டினேன். வாங்கிக்கொண்டு சொன்னார்: "நாங்களும் பொய் சொல்லுவோமுங்க, இல்லேங்கல. ஆனா பொய் சொன்னவன் கவுன்டர்ல நிப்பான், திட்டு வாங்கிக்குவான். இப்ப பொய்யி வருது, ஆளைக் காணோம்."

ரிப்பேரில் இருக்கும் போன்

கவிதா என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அவர் பெயரில்லை. போன் சூடாகிறது, சார்ஜ் நிற்பதில்லை என்று ஒரு மத்தியானம் வந்தார். பேட்டரி நன்றாக இருந்தது. உள்ளே தேடினேன். போனோடு வந்த ஆப் மாதிரியே பெயர் வைத்துக்கொண்டு ஒன்று ஒளிந்திருந்தது. அதற்கு மைக், கேமரா, மெசேஜ், இருக்கும் இடம் எல்லாவற்றையும் பார்க்க அனுமதி இருந்தது. இதெல்லாம் தானாக வந்து உட்காராது. யாரோ போனைக் கையில் வாங்கி வைத்திருக்க வேண்டும். நான் வாயைத் திறக்கப் போனவள் நிறுத்திக்கொண்டேன். மைக் திறந்திருக்கலாம். போனை யூசுப் அண்ணனின் மேசையில் வைத்துவிட்டு, கவிதாவைப் படிக்கட்டுக்கு அழைத்துப் போனேன். யூசுப் அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே சூடு காற்று மிஷினைப் போட்டுவிட்டார். அந்த இரைச்சலில் நான் சொன்னேன்.

அவர் அழவில்லை. கல்யாண நாளுக்குக் கணவர் வாங்கிக் கொடுத்த போன் என்றார். கொஞ்ச நேரம் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி கீழே பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தனக்குத்தானே சொல்வது மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார். வேலைக்குப் போகலாமா என்று அக்காவிடம் மட்டும்தான் பேசினாராம். அன்று ராத்திரி சாப்பிடும்போது கணவர், வேலைக்குப் போகிற நினைப்பு வேறயா என்று கேட்டாராம். மருந்துக் கடைக்குப் போனது, கோயிலில் கூடுதலாக உட்கார்ந்திருந்தது, எல்லாவற்றுக்கும் வீட்டில் கேள்வி வந்திருக்கிறது. அதற்குப் பிறகு நடப்பதை அவர் சொல்லவில்லை. ரவிக்கைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். ஆப்பை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். எடுத்தால் கணவருக்குத் தெரிந்துவிடும். "அது இங்கயே இருக்கட்டுங்க. நான் காந்திபுரத்துல இருக்கறேன்னு அது சொல்லீட்டே இருக்கட்டும். நான் எங்க அக்கா ஊட்டுக்குப் போறேன்" என்றார். நான் என் போனைக் கொடுத்தேன். அக்காவிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு, மாற்றுத் துணிகூட இல்லாமல் சூலூர் பஸ் ஏறிவிட்டார்.

மறுநாள் கணவர் கடைக்கு வந்தார். நல்ல சட்டை, மரியாதையான பேச்சு. போன் ஆகிவிட்டதா என்று கேட்டார். போர்டில் கோளாறு, நாளாகும் என்றேன். அவர் கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஆள் எங்கே என்றார். மேசை மேல் இருந்த என் போனை எடுத்து அடியில் வைத்துக்கொண்டேன். யூசுப் அண்ணன் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்று, "எங்ககிட்ட போன்தானுங்க குடுத்தாங்க. போனுக்கு எப்ப ஆகும்னு சொல்லுவோம். ஆளுக்கெல்லாம் நாங்க சொல்ல முடியாதுங்க" என்றார். கணவர் படி இறங்கிப் போய்விட்டார். அன்று முழுக்கப் படியில் காலடிச் சத்தம் கேட்டபோதெல்லாம் நான் நிமிர்ந்து பார்த்தேன்.

சில நாள் கழித்து, கவிதா தன் அக்காவோடும் ஒரு பெண் வக்கீலோடும் திரும்பி வந்தார். நான் எல்லாவற்றையும் அழிக்கத் தயாராக இருந்தேன். வக்கீல் தடுத்தார், அதுதான் சாட்சி என்றார். போனை அணைத்து, உறையில் போட்டு, அவர்களே எடுத்துப் போனார்கள். வழக்கு நடக்கிறது. கவிதா இப்போது சூலூரில் ஒரு மில் ஆபீஸில் வேலை பார்க்கிறார். அன்று போகும்முன் எங்களிடம் ஒரு பட்டன் போன் வாங்கினார். கையில் வைத்து அமுக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுல நான் பேச மட்டுந்தான முடியும்? அது போதுங்க. என்னயப் பத்தி அது யாருகிட்டயும் பேசாம இருந்தாச் சரி."

ராயப்பன் சாரின் பாட்டு

எங்கள் பங்குக் கோயில் பாடகர் குழுவில் நானும் உண்டு. குழுத் தலைவர் ராயப்பன் சார், பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியாராக இருந்தவர். திருவிழாவுக்கு அவரே இளம் வயதில் எழுதி இசையமைத்த ஒரு மாதா பாட்டைப் பாடினோம். கோயில் பையன்கள் படம் பிடித்து இணையத்தில் ஏற்றினார்கள். மறுநாள் பார்த்தால் அந்தப் பாட்டு வரும் இடத்தில் மட்டும் சத்தம் இல்லை. எங்கள் வாய்கள் மட்டும் அசைந்தன. இந்தப் பாடல் ஒரு இசைக் கம்பெனிக்குச் சொந்தமானது, அனுமதியின்றிப் பயன்படுத்தப்பட்டுள்ளது என்று கீழே அறிவிப்பு. ராயப்பன் சார் அந்தப் பாட்டைப் பல வருஷங்களுக்கு முன் ஒரு கேசட்டில் பாடிக் கொடுத்திருந்தார். கேசட் போட்டவர் கடையை யாருக்கோ விற்று, அவர் வேறு யாருக்கோ விற்று, இப்போது யாரோ வைத்திருக்கிறார்கள். நோட்டீஸை நான் தமிழில் படித்துச் சொன்னேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் பாட்டை நானே திருடிட்டேன்னா, அதை எந்தச் சாமியார்கிட்டம்மா போய் பாவசங்கீர்த்தனம்னு ஒப்புக்கறது?" என்றார். நாங்கள் சிரித்தோம். ஆனால் அவர் அடுத்த இரண்டு வாரமும் பயிற்சிக்கு வரவில்லை. ஆர்மோனியம் மூடியே கிடந்தது.

நான் வீடியோ தளத்துக்கு ஆட்சேபம் எழுதினேன். கம்பெனி பரிசீலித்து, உரிமை தங்களுடையதே என்று சொல்லிவிட்டதாகப் பதில் வந்தது. அதாவது, புகார் சொன்னவரே நீதிபதி. விடாமல் மறுபடி எழுதினேன். இசை, பாடியவர் என்று சார் பெயர் அச்சான கேசட் அட்டையைப் படம் எடுத்து வைத்தேன். அவர் எதிலும் உரிமையை எழுதிக் கொடுக்கவில்லை என்று அவர் கையெழுத்தோடு சொன்னேன். பல நாள் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு காலையில், ஒரு வார்த்தை விளக்கமோ வருத்தமோ இல்லாமல், சத்தம் திரும்பி வந்திருந்தது. போனை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி, முழுக்கக் கேட்டார். முடிந்ததும் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் அரைமணி முன்னால் வரச் சொல்லு என்றார். ஏன் சார் என்றேன். "ரெண்டாவது சரணத்துல சுருதி எறங்கிருக்கும்மா. இதுக்கு அவங்க சத்தத்த எடுத்தது தப்பே இல்ல."

இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரிந்தவரை, பொருள் கெட்டுப்போனால் சரிசெய்ய ஸ்க்ரூ டிரைவர் இருக்கிறது. படிக்காமல் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அமுக்கிவிட்டு வருகிற உங்களையும் என்னையும் சரிசெய்யத்தான் இன்னும் ஸ்பேர் பார்ட் வரவில்லை.